அளந்து வைத்த மூச்சு

இறைவன் மாந்தர்க்கு வழங்கிய கொடைகளுள் நாம் எண்ணியே பாராதது ஒன்று உண்டென்றால் அது மூச்சேயாகும். பொன்னை நிறுத்து வாங்குகிறோம். அரிசியைப் படியால் அளக்கிறோம். மின்சாரத்திற்கும் குடிநீருக்கும் கணக்குப் பார்க்கிறோம். மூச்சுக்கு மட்டும் படியுமில்லை, தராசுமில்லை. எத்தனை முறை இழுத்தோம், எத்தனை முறை விட்டோம் என்று உறங்கப் போகும் முன் எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. யானும் ஐம்பது ஆண்டுகள் அவ்வாறே வாழ்ந்துவிட்டேன். அம்மறதியினின்றும் என்னை எழுப்பியது மாணவர் ஒருவரின் வினா.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நம் கல்லூரித் தமிழ் மன்றத்தில் சங்க இலக்கியத்தில் அறிவியல் என்னும் பொருள் பற்றி உரையாற்றினேன். ஓட்டுநர் இல்லாமல் இயங்கும் வானவூர்தியைப் பற்றிப் புறநானூற்றுப் புலவர் பாடியிருப்பதை இத்தகைய மேடைகளில் தமிழாசிரியர் எவரும் சொல்லாமல் விடுவதில்லை. யானும் விடவில்லை. கைதட்டல் ஓய்ந்ததும் பின்வரிசையில் இருந்த இயற்பியல் மாணவர் ஒருவர் எழுந்து நின்றார்.

"ஐயா, ஓட்டுநர் இல்லை, சரி. உள்ளே உட்கார்ந்திருந்தவர் எதை மூச்சாக இழுத்தார்?"

அவை சிரித்தது. "தம்பி, அது நல்வினை முடித்து இவ்வுலகை விட்டு நீங்கியவர் ஏறும் ஊர்தி. அங்கே மூச்சுக்கு வேலையில்லை" என்று கூறி யானும் சிரித்து அமர்ந்தேன். பாட்டின் பொருள்படி என் விடை சரியானதே. ஆயினும் அம்மாணவர் கேட்டது அதுவன்று என்பதை என் உள்ளம் அறிந்திருந்தது. இறந்தவரை ஏற்றிச் செல்லும் ஊர்தியைப் பற்றி அவர் கேட்கவில்லை. உயிரோடு ஏறி உயிரோடு இறங்க வேண்டிய மனிதரைப் பற்றிக் கேட்டார்.

அன்று மாலை இயற்பியல் துறை நண்பரைத் தேடிச் சென்றேன். ஒரு மாலைப் பொழுதில் முடியும் என்று எண்ணிய உரையாடல் ஒரு திங்கள் நீண்டது. தேநீர்க் கோப்பைகளுக்கிடையே அவர் எனக்குக் கற்பித்தவற்றையும், அவர் தந்த நூல்களில் யான் படித்தறிந்தவற்றையும் என் மொழியில் ஈண்டுத் தருகின்றேன்.

மூச்சின் பேரேடு

ஒரு மனிதனுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 840 கிராம் ஆக்சிஜன் வேண்டும். அதை உட்கொண்டு அவன் ஏறத்தாழ ஒரு கிலோ கிராம் கரியமில வாயுவை வெளியே விடுகிறான். திறந்த வெளியில் இக்கணக்குக்குப் பொருளில்லை. மரமும் கடலும் காற்றும் நம் கடனை நமக்குத் தெரியாமலே தீர்த்துவிடுகின்றன. மூடிய கலத்திற்குள் கடனைத் தீர்ப்பார் எவருமிலர்.

ஆக்சிஜன் தீர்ந்து போவதே விண்வெளி வீரர்க்குப் பேரச்சம் என்று யான் எண்ணியிருந்தேன். அது முழு உண்மையன்று. ஆக்சிஜன் போதிய அளவு இருக்கும்போதே, தாம் விட்ட மூச்சே தம்மைக் கொல்லும் நிலை முதலில் வந்துவிடக்கூடும். கரியமில வாயு மிகுந்தால் தலைவலி தொடங்கும், மூச்சு இரைக்கும், அறிவு மயங்கும், பின்னர் உணர்வு நீங்கும். ஆகவே அவ்வாயுவை உறிஞ்சிக்கொள்ளும் லித்தியம் ஹைட்ராக்சைடு நிரப்பிய பெட்டிகளைக் கலத்தில் வைத்தனர். சுண்ணாம்பு நீரில் ஊதினால் அது பால் போல் வெளுப்பதைப் பள்ளியில் கண்டிருக்கிறோம் அல்லவா? ஏறத்தாழ அதே வேதியியல்தான் இது. பெட்டி நிறைந்தால் மாற்ற வேண்டும். எத்தனை பெட்டிகள் உள்ளனவோ அத்தனை நாள்களே வாழ்நாள்.

இதனினும் வியப்பான செய்தி ஒன்றை நண்பர் கூறினார். நிலத்தில் நாம் விடும் வெப்பமான மூச்சு இலேசானதாகையால் மேலெழுந்து விலகுகிறது. எடையற்ற விண்வெளியில் மேல் என்பதுமில்லை, கீழ் என்பதுமில்லை. விட்ட மூச்சு முகத்தின் முன்னரே தங்கி நிற்கும். உறங்கும் வீரரைச் சுற்றி அவருடைய மூச்சே ஒரு திரையாய்ச் சூழ்ந்துவிடும். எனவே விசிறி ஓயாது சுழல வேண்டும். விசிறி சுழல மின்சாரம் வேண்டும். கருவிகளும் உடல்களும் உமிழும் வெப்பத்தை வெளியேற்றக் குளிர்நீர் ஓட வேண்டும். அந்நீரை ஓட்டவும் மின்சாரம் வேண்டும். காற்றும் நீரும் மின்சாரமும் அங்கே தனித்தனிச் செல்வங்கள் அல்ல. ஒரே பேரேட்டின் மூன்று பக்கங்கள். ஒரு பக்கத்தில் குறைந்தால் மற்ற இரண்டும் குறையும். மின்கலம் தீர்ந்த கலத்தில் ஆக்சிஜன் தொட்டி நிறைந்திருந்தும் பயனில்லை.

நாற்பது மணி நேரம் எண்பத்தேழு ஆன கதை

இப்பேரேட்டை உலகம் கண்கூடாகக் கண்டது 1970ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில். ஜேம்ஸ் லோவெல், ஜான் ஸ்விகெர்ட், ஃபிரெட் ஹெய்ஸ் ஆகிய மூவரை ஏற்றிக்கொண்டு ஏப்ரல் 11ஆம் நாள் அப்பல்லோ 13 நிலவை நோக்கிப் புறப்பட்டது. ஏறத்தாழ 56 மணி நேரம் கழித்து, பூமியிலிருந்து மூன்று இலட்சம் கிலோ மீட்டருக்கும் அப்பால், ஆக்சிஜன் தொட்டிகளுள் ஒன்று வெடித்தது. மற்றொன்றும் கசியத் தொடங்கியது.

அக்கலத்திற்கு மின்சாரம் தந்தவை எரிபொருள் மின்கலங்கள். ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் சேர்த்து அவை மின்சாரத்தையும் குடிநீரையும் ஒருங்கே ஆக்கின. ஆக்சிஜன் போயிற்று, அதனால் மின்சாரம் போயிற்று, அதனால் நீரும் போயிற்று. மூன்று பக்கமும் ஒரே இரவில் வெறுமையாயின. வீரர்கள் பூமிக்குத் திரும்பும் தலைமைக் கலமாகிய ஒடிசியில் எஞ்சியவை மூன்று சிறு மின்கலங்களே. ஒவ்வொன்றும் 40 ஆம்பியர்-மணி அளவினது. வளிமண்டலத்திற்குள் நுழையும் இறுதி நேரத்திற்கென ஒதுக்கப்பட்ட சேமிப்பு அது. அதைத் தொட்டால் வீடு திரும்ப வழியில்லை.

எனவே ஒடிசியை முழுவதும் அணைத்துவிட்டு, நிலவில் இறங்குவதற்கென இணைத்திருந்த அக்குவேரியஸ் என்னும் இறங்குகலத்திற்குள் மூவரும் குடிபுகுந்தனர். அது இருவர் ஏறத்தாழ 45 மணி நேரம் தங்குவதற்கென அமைந்தது. இப்போது அது மூவரை, கடல் மீது இறங்கும் நேரத்தை நெருங்கும்வரை காக்க வேண்டும். விபத்து நிகழ்ந்த நொடியிலிருந்து கடலைத் தொட்ட நொடிவரை கழிந்தவை ஏறத்தாழ 87 மணி நேரம்.

இவ்விடத்தில் நண்பர் ஒரு தாளை எடுத்து என்னையே வகுத்தல் கணக்குப் போடச் சொன்னார். இறங்குகலத்தின் ஆறு மின்கலங்களிலும் சேர்த்து இருந்தவை ஏறத்தாழ 2,200 ஆம்பியர்-மணி. வழக்கம்போல 55 ஆம்பியர் வீதம் செலவழித்தால் 40 மணி நேரத்தில் தீரும். ஹூஸ்டனில் இருந்த பொறியாளர்கள் ஒவ்வொரு கருவியாக அணைக்கச் சொல்லிச் செலவை ஏறத்தாழ 12 ஆம்பியருக்குக் கொண்டு வந்தனர். இப்போது வகுத்தால் 180 மணி நேரத்திற்கு மேல் வருகிறது. மின்கலம் வளரவில்லை; ஒரு துளி மின்சாரமும் புதிதாகப் பிறக்கவில்லை. அணைத்ததால் மட்டுமே நாற்பது மணி நேரம் எண்பத்தேழைக் கடந்து நின்றது.

அணைத்ததற்கு விலையும் உண்டு. கலத்தின் வெப்பம் தலைமைக் கலத்தில் 3 பாகை செல்சியசு வரை இறங்கியது. சுவரெங்கும் பனித்துளி அரும்பியது. உறக்கம் வரவில்லை. கருவிகளைக் குளிர்விக்கவே நீர் போதாது என்ற அச்சத்தால் ஒவ்வொருவரும் ஒரு நாளைக்குக் குடித்த நீர் ஏறத்தாழ 180 மில்லி லிட்டர். நம் வீட்டுத் தேநீர்க் குவளை ஒன்றின் அளவு. மூவரும் சேர்ந்து 14 கிலோ கிராம் எடை இழந்தனர். ஹெய்சுக்குச் சிறுநீரகத் தொற்றும் காய்ச்சலும் கண்டன. ஓடும் ஆற்றங்கரையில் அமர்ந்து ஒளுச் செய்தாலும் நீரை வீணாக்கலாகாது என்பது நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரை. சிறு வயது முதல் கேட்ட அவ்வறிவுரையின் கனத்தை, ஆறே இல்லாத வெளியில் தவித்த அம்மூவரின் கதையைப் படித்தபோதுதான் யான் உணர்ந்தேன்.

இதற்கிடையே கரியமில வாயு மிகுந்தது. இறங்குகலத்தின் லித்தியம் ஹைட்ராக்சைடு பெட்டிகள் மூவருக்குப் போதவில்லை. தலைமைக் கலத்தில் மாற்றுப் பெட்டிகள் நிறைய இருந்தன. ஆயின் ஒரு கலத்தின் பெட்டி வட்டம். மற்றதன் பெட்டி சதுரம். சதுரம் வட்டத்துள் பொருந்தாது. உயிர் காக்கும் பொருள் கையில் இருந்தும் வாய்க்கு எட்டாத நிலை! பூமியில் இருந்த பொறியாளர்கள், கலத்துள் உள்ள பொருள்களை மட்டும் மேசை மேல் பரப்பி வைத்து, நெகிழிப் பை, அட்டை, குழாய், ஒட்டுப்பட்டை ஆகியவற்றால் ஓர் இணைப்பை உருவாக்கினர். செய்முறையை வானொலி வழியே ஒவ்வொரு படியாகச் சொல்ல, மேலே வீரர்கள் தம் கையால் செய்து பொருத்தினர். காற்று தூய்மையாயிற்று.

இறுதியாக, அணைத்து வைத்த ஒடிசியை மீண்டும் உயிர்ப்பிக்க வேண்டும். அதன் மின்கலம் ஒன்று விபத்தன்று ஓரளவு செலவாகியிருந்தது. வழக்கமாகத் தலைமைக் கலம்தான் இறங்குகலத்திற்கு மின்சாரம் தரும். இம்முறை அதே கம்பியின் வழியே எதிர்த்திசையில் மின்சாரத்தைச் செலுத்தி அம்மின்கலத்தை நிரப்பினர். பெற்றோர் பிள்ளைக்கு ஊட்டிய கை தளர்ந்தபோது பிள்ளை பெற்றோர்க்கு ஊட்டியதை ஒத்தது அது. எந்தக் கருவியை எப்போது ஏற்றுவது என்னும் வரிசையை வகுக்கும் பொறுப்பில் ஜான் ஆரன் என்னும் இளம் பொறியாளர் முன்னின்றார். பல திங்கள் வேலை மூன்று நாள்களில் முடிந்தது. ஏப்ரல் 17ஆம் நாள் மூவரும் பசிபிக் கடலில் நலமாக இறங்கினர். அக்குவேரியசைக் கைவிட்டபோது அதன் மின்சாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு எஞ்சியிருந்தது.

விபத்தின் வேரும் ஓர் அளவுப் பிழையே. தொட்டியினுள் இருந்த வெப்பக் கட்டுப்பாட்டு விசை 28 வோல்ட்டுக்கென அமைந்தது. ஏவுதளத்திலோ 65 வோல்ட் மின்சாரம் செலுத்தினர். விசை உருகி ஒட்டிக்கொள்ள, வெப்பம் மீறி உள்ளிருந்த கம்பிகளின் உறை தீய்ந்தது. இரண்டு எண்கள் ஒத்துப் பார்க்கப்படாமையால் மூன்று உயிர்கள் ஊசலாடின.

இரண்டு நாள் கலம்

சோவியத் நாட்டின் கதை வேறு வகையானது. 1971ஆம் ஆண்டு ஜூன் 30 அன்று சோயூஸ் 11 திரும்பி வரும்போது காற்று வால்வு ஒன்று விண்ணிலேயே திறந்துகொண்டதால் வீரர் மூவரும் உயிர் நீத்தனர். அவர்கள்பால் எக்குற்றமுமில்லை. அதன் பின்னர் கலத்தை மாற்றி அமைத்தனர். வீரர்க்குக் காப்புடை தந்தனர், மூவர் இருவராயினர். விண்வெளி நிலையத்திற்குச் சென்று வரும் கலங்களில் சூரியப் பலகைகளை நீக்கி மின்கலங்களை மட்டும் வைத்தனர். தனித்து இயங்கினால் அக்கலத்தின் ஆயுள் இரண்டே நாள்.

1976ஆம் ஆண்டு அக்டோபரில் சூதவ், ரொஷ்தெஸ்த்வென்ஸ்கி ஆகிய இருவரும் சோயூஸ் 23இல் சென்றனர். நிலையத்துடன் இணைய இயலவில்லை. இரண்டு நாள் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. விளக்கையும் கருவிகளையும் அணைத்து அடுத்த இறங்கும் வாய்ப்புக்குக் காத்திருந்தனர். அக்டோபர் 16 இரவில் பனிப்புயலுக்கிடையே இறங்கிய கலம், கசகஸ்தானில் உள்ள தெங்கிஸ் என்னும் ஏரியில் விழுந்தது. குளிர் உறைநிலைக்கு 20 பாகை கீழ். நீரை வாங்கிக் கனத்த வான்குடை கலத்தைச் சாய்த்து, வாயிலை நீருக்கடியில் அழுத்தியது. பூமிக்கு வந்துவிட்டனர்; நம் எல்லோருக்கும் பொதுவான காற்று கைக்கெட்டும் தொலைவில் இருந்தது; ஆயினும் அவர்கள் இன்னும் அளந்த மூச்சிலேயே இருந்தனர். மின்கலத்தைச் சிக்கனமாகச் செலவிட்டு, அசைவைக் குறைத்து, மறுநாள் ஹெலிகாப்டர் வந்து கரைக்கு இழுக்கும்வரை பொறுத்திருந்தனர். பொறுமை அங்கே ஒரு நற்பண்பு மட்டுமன்று. உயிர்காப்புக் கருவியும் ஆயிற்று.

கடிகாரத்தைப் பார்த்த ஆப்கானியர்

நண்பர் கூறியவற்றுள் என் நெஞ்சை விட்டகலாதது அப்துல் அஹத் முஹ்மந்தின் வரலாறு. ஆப்கானிஸ்தான் விமானப்படை வீரராகிய அவர் 1988ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29 அன்று சோயூஸ் கலத்தில் மீர் விண்வெளி நிலையத்திற்குச் சென்றார். திருக்குர்ஆன் பிரதியைத் தம்முடன் கொண்டு சென்றார். தம் நாட்டுத் தேநீரைச் சக வீரர்க்கு ஆக்கிக் கொடுத்தார்.

செப்டம்பர் 6 அன்று விளாதிமிர் லியாகவ் தலைமையில் இருவரும் சோயூஸ் டிஎம் 5இல் திரும்பினர். அக்காலத்து வழக்கப்படி, வேகம் குறைக்கும் எந்திரத்தை இயக்கும் முன்னரே கலத்தின் முன்பகுதியைக் கழற்றிவிட்டனர். கழிப்பிட வசதி அதில்தான் இருந்தது. எஞ்சியது இருவர் முழங்காலை மடக்கி அமரும் சிறு கூண்டு. அதன் பின்னே எந்திரப் பகுதி.

கதிரவன் ஒளியால் அடிவானத்தை உணரும் கருவி குழம்பியது. எந்திரம் உரிய நேரத்தில் இயங்கவில்லை. காலம் தப்பி அது இயங்கியபோது லியாகவ் நிறுத்திவிட்டார். அடுத்த முயற்சியில் கணிப்பொறி பழைய பயணம் ஒன்றின் கட்டளை நிரலைப் பின்பற்றியதால் எந்திரம் சில நொடிகளில் நின்றது. இருவரும் ஒரு நாள் முழுதும் வானில் வட்டமிட நேர்ந்தது. கையிலிருந்த காற்று ஏறத்தாழ இரண்டு நாளுக்கானது.

அதனினும் கொடிய இடர் ஒன்று ஓசையின்றி நெருங்கியது. எந்திரம் தன் வேலையை முடித்துவிட்டதாகக் கருதிய கணிப்பொறி, எந்திரப் பகுதியைக் கழற்றிவிடுவதற்கான நேரத்தை எண்ணத் தொடங்கியிருந்தது. அது கழன்றிருந்தால் வேகம் குறைக்க எந்திரமில்லை. மின்சாரம் தரும் சூரியப் பலகையும் இல்லை. கூண்டின் சிறு மின்கலம் தீரும்வரை உயிர். அதன் பின் இல்லை. முஹ்மந்த் பின்னாளில் தம் நேர்காணல்களில் கூறியவாறு, கருவிப் பலகையில் ஓடிய அவ்வெண்களைக் கண்டு தலைவரிடம் சொன்னவர் அவரே. மிகச் சொற்ப நேரம் எஞ்சியிருந்தபோது லியாகவ் அதை நிறுத்தினார். செப்டம்பர் 7 அன்று இருவரும் கசகஸ்தான் நிலத்தில் நலமே இறங்கினர். அதன் பின்னர் சோயூஸ் கலங்களில் எந்திரம் இயங்கி முடிந்த பிறகே முன்பகுதியைக் கழற்றும் முறை வந்தது.

அவர் செய்தது என்ன? வீரச் செயல் எதுவுமன்று. பார்த்தார், எண்ணைப் படித்தார், சொன்னார். விருந்தினராகச் சென்றவர், இது என் வேலையன்று என்று இருந்திருந்தால் அவ்வரலாறு வேறாகியிருக்கும்.

எங்கள் வீட்டுக் கலம்

இவற்றையெல்லாம் யான் சுவையான செய்திகளாகவே சேர்த்து வைத்திருந்தேன். அவை என் வீட்டு வாயிலைத் தட்டும் என்று கனவிலும் கருதவில்லை.

2021ஆம் ஆண்டு மே மாதம். கொரோனாப் பெருந்தொற்றின் இரண்டாம் அலையில் மருத்துவமனைகளில் படுக்கை கிடைக்காத நாள்கள் அவை. உம்மாவுக்கு நோய் கண்டு சற்றுத் தேறியபின், வீட்டிலேயே ஆக்சிஜன் கொடுக்குமாறு மருத்துவர் கூறினார். ஆக்சிஜன் செறிவூட்டும் எந்திரம் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். அறைக் காற்றிலுள்ள நைட்ரஜனை சியோலைட் என்னும் கனிமத்தால் பிடித்து வைத்துக்கொண்டு ஆக்சிஜனை மட்டும் விடும் எந்திரம் அது. பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் கரியமில வாயுவைப் பிடிப்பதும் சியோலைட்டே. ஜமாஅத் இளைஞர்கள் ஒரு சிறு சிலிண்டரையும் கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் கூலி கேட்கவில்லை. எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் அவர்கள் மதம் கேட்டதுமில்லை.

ஒரு நள்ளிரவில் சூறைக்காற்றுடன் மழை பெய்து மின்சாரம் நின்றது. மணி பன்னிரண்டரை. வீட்டு இன்வெர்ட்டர் எந்திரத்தைத் தாங்கிக்கொண்டது. எத்தனை நேரம் தாங்கும்? என் கை தானாகவே தாளைத் தேடியது. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி மின்கலம். பெருக்கினால் 1,800 வாட்-மணி. எந்திரத்தின் தேவை 350 வாட். தாளில் ஐந்து மணி நேரம் வருகிறது. பழைய மின்கலம், இடையே ஏற்படும் இழப்பு வேறு. மூன்று மணி நேரம் என்று கொண்டேன். மின்விசிறிக்கு 75 வாட். விளக்குகளுக்கு மேலும் சில. எழுந்து ஒவ்வொன்றாக அணைத்தேன்.

தம்பி சிலிண்டரை உடனே இணைத்துவிடலாம் என்றான். "காக்கா, பேட்டரி எப்ப நிக்கும்னே தெரியாது. இருக்கிறத இப்பவே கொடுத்திருவோம்" என்று பதறினான். வேண்டாம் என்றேன். சிலிண்டர் மின்சாரத்தை நம்பி இருப்பதன்று. அதில் உள்ளது 1,500 லிட்டர். நிமிடத்திற்கு 5 லிட்டர் வீதம் ஐந்து மணி நேரம். முதலில் மின்கலம், இறுதியில் சிலிண்டர் என்றால் விடிந்து இரண்டு மணி நேரம் வரை கணக்குப் போகும். அதற்குள் வேறொரு சிலிண்டரும் வரலாம். ஒடிசியின் மூன்று மின்கலங்களை அவர்கள் தொடாமல் வைத்தது என் நினைவில் இருந்தது. தம்பி என்னை ஒரு கணம் உற்றுப் பார்த்தான். தாயின் மூச்சில் கணக்குப் பார்க்கிறானே என்று எண்ணினானோ என்னவோ! ஒன்றும் சொல்லாமல் பனையோலை விசிறியை எடுத்து உம்மாவின் அருகில் அமர்ந்து வீசலானான்.

இருளில் உம்மா கண் விழித்தார். "காத்தாடி ஏன் வாப்பா நின்னு போச்சு?" என்றார்.

"கரண்ட் இல்ல உம்மா. இப்ப வந்திரும்."

"அப்ப அந்த மிசினும் நின்னிருமே?"

"நிக்காது உம்மா. கணக்குப் போட்டிருக்கேன்" என்றேன். என் குரலில் இருந்த உறுதி என் நெஞ்சில் இல்லை. விரலில் மாட்டியிருந்த சிறு கருவி 91 என்று காட்டியது. அவ்வெண்ணையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தவாறு இருந்தேன். வெளியே எல்லையற்ற காற்று மரங்களை முறித்துக்கொண்டு வீசிற்று. உள்ளே உம்மாவின் மூச்சு ஒரு பெட்டிக்குள் அளந்து வைக்கப்பட்டிருந்தது.

மூன்று மணி கடந்தது. இன்வெர்ட்டர் எச்சரிக்கை ஒலி எழுப்பத் தொடங்கியது. சிலிண்டரின் குழாயை ஆயத்தமாக்கினோம். மூன்று மணி நாற்பது நிமிடத்திற்கு மின்சாரம் வந்தது. தம்பி விசிறியைக் கீழே வைக்கவில்லை. பஜ்ருத் தொழுகைக்கு அழைப்பொலி எழும்வரை வீசிக்கொண்டே இருந்தான். சிலிண்டர் திறக்கப்படவே இல்லை. மறுநாள் காலை இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டிற்கு அது தேவைப்பட்டது. அங்கே கொடுத்தனுப்பினோம்.

அல்ஹம்துலில்லாஹ், உம்மா தேறினார். இன்றும் எங்களுடன் இருக்கிறார். ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் கணக்கு அவரைக் காப்பாற்றிற்று என்று யான் கூறத் துணியேன். அம்மாதத்தில் எங்களைவிடக் கருத்தாகக் கணக்குப் பார்த்த வீடுகளிலும் உயிர்கள் போயின. சோயூஸ் 11இன் வீரர் மூவரும் எக்கணக்கிலும் தவறியவர் அல்லர். அளப்பது மனிதன் கடமை. முடிப்பது இறைவன் நாட்டம். ஆனால் முடிவு இறைவனிடம் இருக்கிறதென்று கூறி அளக்காமல் இருப்பவன் தன் கடமையில் தவறியவனே ஆவான்.

மாணவர்க்கு என் விடை

நம் நாட்டின் ககன்யான் திட்டம் மூவரை ஏறத்தாழ 400 கிலோ மீட்டர் உயரத்தில் மூன்று நாள்கள் வரை வைத்துத் திரும்ப அழைத்து வருவதற்கென வகுக்கப்பட்டது. அவர்கள் மூச்சைக் காக்கும் அமைப்பைப் பிறநாடுகளிடமிருந்து பெற இயலாமல் நம் அறிவியலாளர்களே உருவாக்க முற்பட்டனர். இம்மலரைப் படிக்கும் மாணவ மாணவியருள் எவரேனும் ஒருவர் நாளை அப்பேரேட்டின் ஒரு பக்கத்தை எழுத நேரலாம். அவருக்கு யான் சொல்லக் கூடியது ஒன்றே. பெரிய எந்திரங்களை இயக்கும் அறிவோடு, எதை அணைக்கலாம் என்று அறியும் அறிவையும் கற்றுக்கொள்ளுங்கள். வட்டமும் சதுரமும் பொருந்துமா என்று புறப்படும் முன்னரே பாருங்கள். ஓடும் எண்ணைக் கண்டால் அது உங்கள் வேலையோ பிறர் வேலையோ, வாய் திறந்து சொல்லுங்கள்.

அன்று பின்வரிசையில் எழுந்து நின்ற அந்த மாணவர் இப்போது எங்கே பணியாற்றுகிறாரோ அறியேன். இம்மலர் அவர் கையை அடையுமாயின், காலம் கடந்து தரும் என் விடை இது: தம்பி, புலவர் பாடிய ஊர்தி பயணத்தை முடித்தவர்க்கு உரியது, அதற்கு ஓட்டுநரும் வேண்டா, மூச்சும் வேண்டா. நம் ஊர்திகளோ இன்னும் வீடு திரும்ப வேண்டியவர்க்கு உரியவை. அவற்றுள் அமர்ந்தவர், புறப்படும் முன் கீழே எவரோ ஒருவர் கருத்தோடு அளந்து வைத்த மூச்சையே இழுக்கின்றனர். அவ்வாறு அளந்து வைப்பவர் கைகளுக்கு வல்ல இறைவன் துணை நிற்பானாக!